சாரலில் மிதித்த மண்

தென்காசியில் நான் முதலில் சேர்ந்த மருத்துவமனையில், முதல் நாளே டாக்டர் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார். சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, சமீபத்தில் வெளியூர் எங்காவது போனீர்களா என்று மூன்று. இந்த மூன்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். நான்காவதாக, "வயல் வேலை, மண்ணு வேலை ஏதாவது செய்வீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கடையில பில் போடுதேன்" என்றேன்.

என் மனைவி செல்வி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலில் என் உயிரும் என் நண்பன் காஜாவின் உயிரும் இருந்தன என்று அன்றைக்குத் தெரியாது.

இப்போது ஊசியெல்லாம் முடிந்து மாத்திரை மட்டும் ஓடுகிறது. காலையில் இரண்டு, இரவில் இரண்டு. திருநெல்வேலியில் என் நோயைக் கண்டுபிடித்த டாக்டரம்மா, "உங்களுக்கு நடந்ததை எழுதுங்க. சர்க்கரை உள்ளவங்க நாலு பேர் படிக்கட்டும்" என்றார். எனக்குப் பத்தாவது வரைதான் படிப்பு. பில் புத்தகத்தைத் தவிர வேறு எதிலும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசவும் வராது. எழுதுவது அதைவிடச் சுலபம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

காஜா மைதீன் வடகரைக்காரன். செங்கோட்டையில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். படிப்பு முடிந்து நான் தென்காசியில் ஒரு மின்சாமான் கடைக்குப் போனேன். அவன் கொத்தனாராக வளைகுடா நாட்டுக்குப் போனான். சில வருடங்களுக்கு முன்னால் அவன் கம்பெனி அங்கே ஒரு கல்மலையில் சைக்கிள் தடம் வெட்டும் வேலையை எடுத்தது. அது ரோடு இல்லை. ஒரே ஒரு சைக்கிள் போகிற அகலத்தில், சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் ஒற்றைத் தடம். நடுநடுவே மேடு கட்டியிருப்பார்கள். வேகமாக வந்து அந்த மேட்டில் ஏறி, சைக்கிளோடு காற்றில் தாவி, எதிரே கட்டியிருக்கும் இன்னொரு மேட்டின் சரிவில் இறங்க வேண்டும். அதற்கென்றே தடித்த டயரும், முன்னால் அமுங்கி எழும் ஃபோர்க்கும் வைத்த சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்றரை வருடம் அங்கே மண்ணும் கல்லும் சுமந்த காஜாவுக்கு அந்தப் பித்துப் பிடித்துவிட்டது. பழைய சைக்கிள் இரண்டை வாங்கிக் கார்கோவில் அனுப்பிவிட்டு, லீவில் அவனும் வந்தான்.

"ஒண்ணு ஒனக்குலே, சுப்பு" என்றான்.

"எனக்கா? நாப்பத்தஞ்சு ஆவுது."

"ஒனக்குத்தான ஆவுது. சைக்கிளுக்கு ஆவலைல்லா."

வடகரைக்கு மேற்கே அவன் வாப்பா விட்டுப்போன நிலம் ஒன்று இருந்தது. கீழே தென்னை, மேலே எதற்கும் உதவாத செம்மண் சரிவு. காட்டிலாகா வேலிக்கு நூறடி தள்ளி எங்கள் தடத்தைத் தொடங்கினோம். ஏறுகிற மேட்டுக்கு ஏத்தம், இறங்குகிற மேட்டுக்கு இறக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். முதல் ஏத்தம் முழங்கால் உயரம்தான். மூன்று வருடத்தில் பதினோரு மேடுகள் ஆகிவிட்டன. கடைசியாகக் கட்டியது என் நெஞ்சுயரம்.

இந்த வேலைக்குக் கோடை ஆகாது. கோடையில் அந்த மண் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். வெட்டிக் கொட்டினாலும் மாவு மாதிரி உதிரும். ஆனி மாதம் மேற்கே மேகம் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்து, சாரல் இங்கே வரை வந்தால்தான் மண் ஒன்றோடு ஒன்று ஒட்டும். காஜா லீவு போடுவதும் அதற்காகவே சீசன் நேரத்தில்தான். ஊரெல்லாம் அருவிக்கு வண்டி கட்டிப் போகும். நாங்கள் இரண்டு பேரும் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு மண் சுமப்போம்.

கொட்டிய மண்ணை முதலில் அடி கனத்த திம்சுக்கட்டையால் இடித்து இறுக்குவோம். அதற்குப் பிறகு வெறுங்காலால் மிதிப்போம். இது காஜா போட்ட சட்டம். ஒரு தடவை, பூட்ஸ் வாங்கிக்கொள்வோமா என்று கேட்டேன்.

"பூட்ஸப் போட்டு மிதிச்சா மண்ணு வெந்திருக்கா வேகலையான்னு எப்படிலே தெரியும்?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். குதிகால் எங்கே புதைகிறதோ அங்கே மேடு இன்னும் இறுகவில்லை என்று பொருள். அது பாதத்துக்கு மட்டும்தான் தெரியும். மணிக்கணக்காக அந்த ஈர மண்ணில் நின்று மிதிப்போம். இரண்டு பேருக்கும் சர்க்கரை. இரண்டு பேருக்கும் குதிகாலில் வெடிப்பு. கல் கீறினாலும் எங்களுக்குச் சட்டென்று வலி தெரியாது.

மிதித்துக் காய்ந்த மேட்டில் முதலில் தாவ வேண்டியது கட்டியவன்தான். எதிரே ஆள் வந்தாலே தலையைக் குனிந்துகொள்கிறவன் நான். ஆனால் ஏத்தத்தின் உச்சியில் டயர் மண்ணை விடும் அந்த ஒரு நொடியில் எனக்கு வெட்கம் என்பதே இருக்காது. இதைச் செல்வியிடம்கூடச் சொன்னதில்லை.

செல்வியிடம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. முதல் வருடமே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்குப் போனபோது அவள், "ஒங்களுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு இருக்கா? சின்னப் புள்ளையா நீங்க?" என்று அழுதாள். இனி ரோட்டில் மட்டும் ஓட்டுகிறேன், சர்க்கரைக்கு நல்லது என்று வாக்குக் கொடுத்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கால்சட்டையைக் காஜாவின் பம்புசெட் அறையில் வைத்து மாற்றிக்கொள்வேன். திரும்பும்போது வாய்க்காலில் கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு எங்கள் ஊர் இலத்தூருக்கு வருவேன். தெருவில் யாராவது, "அண்ணாச்சி, சைக்கிள்ள பேரப்புள்ளைய வச்சு ஓட்டுத வயசுல்லா ஒமக்கு" என்று கிண்டல் செய்வார்கள். சிரித்துவைப்பேன். ரோட்டில் ஓட்டுவதற்கே இந்தப் பேச்சு. மண்மேடு கட்டித் தாவுகிறேன் என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள்!

ஆடி மாதம் முதல் வாரத்தில் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி ஐந்து நாள் தின்றேன். பகலில் விடும், சாயங்காலம் பல் கிட்டும் குளிரோடு வரும். இருமலும் சேர்ந்துகொண்டதும்தான் தென்காசியில் போய்ச் சேர்ந்தோம். நெஞ்சைப் படம் எடுத்ததில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்ன ஓட்டைகள். மண்ணீரல் என்பது இடது விலாவுக்கு அடியில் இருக்கும் கையகல உறுப்பு. ரத்தத்தைச் சலிப்பது அதன் வேலை என்று நர்ஸ் சொன்னார். ரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்த்தார்கள். நான் ஏற்கெனவே தின்ற மாத்திரையால் ஒன்றும் வளரவில்லை.

நான்காம் நாள் காஜா பார்க்க வந்தான். கையில் மாதுளம்பழப் பை. செல்வி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். அவன் இருமினான். கையைப் பிடித்தபோது சூடு தெரிந்தது.

"ஒனக்கும் காய்ச்சலாலே?" என்றேன்.

"சாரல்ல நனைஞ்சது மக்கா. நாளைக் கழிச்சு பிளைட்டு. அங்கன போயி வெயில்ல நின்னா காஞ்சுரும்."

நான் குரலைத் தாழ்த்தி, "மண்ணு வேலை செய்வீங்களான்னு டாக்டர் கேட்டாருலே. இல்லன்னுட்டேன்" என்றேன்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நல்ல வேளை. சொல்லியிருந்தா தங்கச்சி மம்பட்டிய எடுத்து நம்ம ரெண்டு பேரையும் அங்கனயே மூடியிருக்கும்."

செல்வி டீயோடு வந்தாள். "அண்ணே, நீங்களும் சோந்துபோயிருக்கியளே, இங்கனயே டாக்டரப் பாத்துட்டுப் போங்களேன்" என்றாள்.

"எனக்கென்னம்மா, ஒட்டகத்துக்கு ஊசி போடுத ஊருக்குல்லா போறேன்" என்றான். போகும்போது வாசலில் நின்று, பதினோராவது மேட்டை நான் எழுந்து வந்துதான் தாவ வேண்டும் என்பதுபோல் கையால் ஒரு மேடு வரைந்து காட்டினான். செல்வி அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள்.

காசநோயாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏழாம் நாள் அதற்கான மாத்திரையை ஆரம்பித்தார்கள். சளியில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. ஆனாலும் படமும் மண்ணீரலும் அப்படித்தான் சொல்லின. டாக்டர்மேல் குற்றமில்லை. கடையில் உட்கார்ந்து பில் போடுகிறவனுக்கு வேறென்ன வரும்? பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. காய்ச்சல் மட்டும் போகவில்லை. வலது முழங்கால் வீங்கி, போர்வை பட்டாலும் கத்தினேன். செல்வி கஞ்சியை ஆற்றி, கரண்டியால் ஊட்டுவாள். வெந்நீரில் துணியை நனைத்து என் பாதத்தைத் துடைத்துவிடுவாள். குதிகால் வெடிப்புகளை அவள் துடைக்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பதினெட்டாம் நாள் நினைவு தப்பியது. ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக செல்வி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாளாம். இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அங்கே பெரிய வரவேற்புக் கூடம். சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும். எண்ணைக் கூப்பிடும்வரை ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடப்பார்கள். என்னை நேராக உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மண்ணீரல் ஓட்டைகள் இப்போது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து சீழ் கட்டியிருந்தன. மறுநாள் ஸ்கேன் பார்த்துக்கொண்டே விலாவுக்குள் நீள ஊசியை விட்டுச் சீழை உறிஞ்சினார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், உள்ளே ஏதோ இழுபடுவது தெரிந்தது. முழங்காலிலும் அதே மாதிரி எடுத்தார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு குழாய் நிறைய வந்தது. அதைக் கிருமி பார்க்கும் லேபுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து லேபிலிருந்து ஒரு டாக்டரம்மா நேரே என் கட்டிலுக்கு வந்தார். சின்ன வயதுதான். லேப் டாக்டர்கள் வார்டுக்கு வருவதில்லை என்று பிறகு நர்ஸ் சொன்னார். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தார். குதிகால் வெடிப்பை விரலால் தடவினார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கடையில பில் போடுதேன் மேடம்."

"இது பில் போடுற கால் மாதிரி இல்லையே. வெடிப்புக்குள்ள எல்லாம் செவப்பு ஏறிக் கிடக்கு. மூணு வாரமாப் படுத்திருக்கீங்க, இன்னும் போகலை. எந்த மண்ணு இது?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்லாமல் போகமாட்டார் என்று தெரிந்தது. சொன்னேன். காஜா, சைக்கிள், சாரல், மேடு, மிதிப்பது, எல்லாம். சொல்லி முடிக்கும்போது என் காது சூடாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் விளக்கினார். இந்த நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது. மழைக்காலத்தில் மண்ணின் மேல்மட்டத்துக்கு வரும். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் உள்ளே போகும். நல்ல உடம்பு உள்ளவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரை உள்ளவர்களைப் பிடித்துக்கொள்ளும். நுரையீரல், ஈரல், மண்ணீரல், மூட்டு என்று எங்கே வேண்டுமானாலும் சீழ் கட்டும். பார்வைக்குக் காசநோய் மாதிரியே இருக்கும். காசநோய் மாத்திரை இதை ஒன்றும் செய்யாது. வழக்கமாகப் போடும் ஊசிகளும் பலதும் கேட்காது.

"மண்ணு வேலைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா இதைத் தேடிப் பாத்திருப்பாங்க. தேடாமப் பாத்தா லேப்ல ஏதோ சாதாரணக் கிருமின்னு தூக்கிப் போட்டுருவாங்க. உங்ககூட மிதிச்சவர் எங்க இருக்கார்?"

அப்போதுதான் எனக்கு அந்தச் சூடான கை நினைவுக்கு வந்தது.

அவர் போனதும் செல்வி கட்டிலில் உட்கார்ந்தாள். நான், "மன்னிச்சுரு" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மூணு வருசமா ஒங்க துண்ட யாரு தொவைக்கா? செம்மண்ணு போவாம ராத்திரியெல்லாம் ஊறப் போட்டுருக்கேன். நீங்க ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரும்போது மொகமே வேற மாதிரி இருக்கும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா கூசிப்போயி விட்டுருவியன்னு இருந்துட்டேன்."

"அன்னைக்கு டாக்டர் கேக்கும்போது பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்." போர்வையை என் பாதத்தின் மேல் இழுத்துவிட்டு, "நீங்க இல்லன்னுட்டிய. ஒரு ஆள் முன்னால நான் எப்படி ஒங்கள..." என்றாள்.

காஜாவின் எண்ணுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. நாலாவது தடவை வேறு ஒருவர் எடுத்தார். ஒரே அறையில் தங்கியிருக்கும் கேரளத்துக்காரர்.

"சேட்டா, காஜாக்கா ஐ.சி.யூ.வில ஆணு. நிமோனியா. மூணு திவசமா மிஷின்ல."

மூன்று நாளாக மூச்சுக் கருவியில் கிடக்கிறான். செல்விதான் போனை வாங்கினாள். கிருமியின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். டாக்டரம்மாவிடம் ஓடி, ஆய்வறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினாள். எந்த ஊசி, எவ்வளவு என்று டாக்டரம்மாவே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதையும் அனுப்பினோம். அந்தப் புண்ணியவான் டாக்ஸி பிடித்து, போனைக் கையில் ஏந்திக்கொண்டே ஐ.சி.யூ. வாசலுக்குப் போனார். மழையே இல்லாத ஊர். அங்கே யார் மண் கிருமியை நினைப்பார்கள்? அங்குள்ள டாக்டர்கள் முதலில் நம்பவில்லையாம். பிறகு ஒரு பெரிய டாக்டர் வந்து படித்துப் பார்த்து, அன்று மாலையே ஊசியை மாற்றினார்.

எனக்கும் அதே ஊசிதான். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, நரம்பு வழியாக. எனக்கு ஏறும்போது அவனுக்கும் ஏறிக்கொண்டிருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். நேரக் கணக்கு ஒன்றரை மணி வித்தியாசம். என் குப்பி சொட்டுச் சொட்டாக முடிந்ததும் அவனுடையது தொடங்கியிருக்குமா என்று செல்வியைக் கேட்பேன். அவள் போனைப் பார்த்து, "ஏறிட்டிருக்காம்" என்பாள். உண்மையில் செய்தி வந்ததா, எனக்காகச் சொன்னாளா, தெரியாது.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் காலையில் எனக்கு முதல் முறையாகக் காய்ச்சல் இறங்கியிருந்தது. நர்ஸ் வெப்பமானியைப் பார்த்து, "சூப்பர் அண்ணாச்சி" என்றார். செல்வி வெளியே நடையில் போனோடு நின்றாள். அவள் திரும்பி வந்த நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் முன்னால இந்த ஊசி போட்டிருந்தா பாத்திருக்கலாம்னு அந்த டாக்டர் சொன்னாராம்" என்று மட்டும் சொன்னாள்.

அவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கேரளத்துக்காரர் போனில் காட்டினார். மஞ்சள் மணல். காற்றில் பறந்துகொண்டிருந்தது. நான்கைந்து பேர் மண்வெட்டியால் தள்ளினார்கள். படம் நடுங்கியது. பாதியில் அணைக்கச் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு வாரம் படுத்திருந்தேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையில் நரம்பு கிடைக்காமல் தோள் பக்கமாக ஒரு குழாய் வைத்தார்கள். முழங்காலைத் திறந்து கழுவினார்கள். அது இனி முழுதாக மடங்காது. ஊசியின் விலையைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. காப்பீட்டு அட்டையில் முக்கால்வாசி போயிற்று. மீதிக்குக் கடை முதலாளி என்னிடம் சொல்லாமலே வந்து கவுன்ட்டரில் கட்டியிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் பேப்பர் படித்துக் காட்டுவார். எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள். பிழைத்துவிட்டாய் என்று எல்லாரும் சொன்னார்கள். பிழைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு, முதல் நாள் கேள்வி கேட்ட டாக்டரின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். "வயல் வேலை, மண்ணு வேலை?" ஒரு "ஆமா" போதும். அதைச் சொல்லியிருந்தால் நான்காம் நாள் வந்தவனைக் கையைப் பிடித்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்திருக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: ஆறு மாதம் மாத்திரை. ஒரு வேளை விட்டாலும் நோய் திரும்பும். விடாமல் தின்றாலும் சிலருக்குத் திரும்பும். ஈர மண்ணில் கால் வைக்கவே கூடாது. இனி எப்போதும்.

எங்கள் சரிவு இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. மேலே வெட்டிய வடிகாலில் இலை அடைத்தால் எடுத்துவிட ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தடத்திலேயே இறங்கி, இரண்டே மழையில் மேட்டைக் குடைந்து வெறும் பள்ளமாக்கிவிடும். கட்ட மூன்று வருடம் ஆனது. பதினோராவது மேட்டை நாங்கள் இருவருமே தாவவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் ஆட்டோவில் காஜாவின் மனைவி பாத்திமா வந்தார். கணவன் இறந்து நான்கு மாதம் பத்து நாள் அவர்கள் வழக்கப்படி வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அந்த இத்தா முடிந்து அவர் முதலில் வந்த வீடு எங்களுடையது. செல்வி அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பாத்திமா என் முழங்காலைப் பார்த்தார்.

"நடக்க முடியுதா அண்ணாச்சி?"

"கொஞ்சம் கொஞ்சம் நடக்கேம்மா."

"ஒங்க கூட மண்ணு வெட்டப் போறாருன்னு எனக்குத் தெரியும். அவரு என்கிட்ட ஒண்ணும் மறைக்க மாட்டாரு. திரும்பி வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவாரு, சுப்பு இன்னைக்குப் பறந்தான் பாருன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அந்த ரூம்காரப் பையன் சொன்னான், ஒங்ககிட்டேருந்து அந்த மருந்துப் பேரு வந்த பெறவுதான் சரியான ஊசியே போட்டாவளாம். மண்ணுனாலதான்னு ஒங்க டாக்டருக்கு எப்பத் தெரிஞ்சுது? ஒங்ககிட்ட எப்பக் கேட்டாவ?"

இதற்குத்தான் நான் ஐந்து மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. முதல் நாளே கேட்டார்கள், நான்தான் மறைத்தேன். இவ்வளவுதான். வாயைத் திறந்தேன்.

அடுக்களை வாசலில் டம்ளரோடு நின்ற செல்வி, "திருநவேலியில வச்சுத்தாம்மா கேட்டாவ. அதுக்கு முன்னால யாரும் கேக்கவே இல்ல" என்றாள்.

பாத்திமா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். தோள் தளர்ந்தது. "அப்ப நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றார். டீயை முழுக்கக் குடித்தார். செருப்பை மாட்டும்போது என் பக்கம் திரும்பி, "நீங்க மனசப் போட்டு ஒளப்பிக்கிடாதிய அண்ணாச்சி. ஒங்களால முடிஞ்சத செஞ்சிய" என்றார்.

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை செல்வி வாசலில் நின்றாள். உள்ளே வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பாத்திமாவைப் பார்க்க வடகரை பஸ்ஸில் ஏறினேன். இரண்டு தடவையும் வழியில் அச்சன்புதூரிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.